பூச்சாடித் தட்டில் தேங்கும் தண்ணீர்: செடியையும் கெடுக்கும், கொசுவையும் வளர்க்கும்

செராஸ் பக்கம் எந்த அடுக்குமாடியின் கீழே நின்று நிமிர்ந்து பார்த்தாலும் பச்சை தெரியும். தாமான் மிடாவோ, பண்டார் துன் ரசாக்கோ, தாமான் கன்னாட்டோ, பால்கனியில் காகிதப்பூ தொங்கும், நடைபாதையில் குரோட்டனும் துளசியும் வரிசையாக நிற்கும், சமையலறை சன்னலில் ஒரு பழைய பாட்டிலுக்குள் மணி பிளாண்ட் வளரும். மண்ணில் தோட்டம் போட இடமில்லாத வீட்டில் இதுதான் தோட்டம்.

இந்தச் சாடிகளுக்குக் கீழே பெரும்பாலும் ஒரு தட்டு இருக்கும். ஊற்றிய தண்ணீர் வழிந்து, கீழ்வீட்டுக்காரர் காயப்போட்ட துணியில் சொட்டக்கூடாது என்பதற்காக வைக்கிற தட்டு. நல்ல எண்ணம்தான். ஆனால் அதில் தேங்கும் தண்ணீர் ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்கிறது. கீழிருந்து செடியின் வேரை அழுக வைக்கிறது. கூடவே, ஏடிஸ் கொசு முட்டையிட இடமும் கொடுக்கிறது.

இரண்டாவது விஷயம் எவ்வளவு பெரியது என்பதை எண்களே சொல்லும். 2019-இல் நாட்டில் 130,101 பேருக்கு டிங்கிக் காய்ச்சல் பதிவானது, 182 பேர் இறந்தார்கள். 2023-இல் 123,133 சம்பவங்கள், 100 மரணங்கள். 2024-இல் 122,423 சம்பவங்கள், 117 மரணங்கள். ஒவ்வோர் ஆண்டும் அதிகச் சம்பவங்கள் பதிவாகும் மாநிலம் சிலாங்கூர். அதாவது நம்ம வீட்டு வாசல்.

செடி வளர்ப்பதை விட்டுவிடுங்கள் என்று சொல்ல வரவில்லை. செடிக்கு எது நல்லதோ அதுதான் கொசுவுக்குக் கெட்டது என்பதைத்தான் சொல்ல வருகிறோம். சாடியின் அடியில் தண்ணீர் நிற்காமல் பார்த்துக்கொண்டால் இரண்டு பிரச்சினையும் சேர்ந்தே தீரும்.

தண்ணீர் ஊற்றியும் செடி ஏன் வாடுகிறது?

இலை தொங்கியதும் நம் கை தானாகக் குவளைக்குப் போகும். "ஐயோ, தண்ணி பத்தலையே" என்று இன்னும் கொஞ்சம் ஊற்றுவோம். மறுநாள் இன்னும் வாடியிருக்கும். இன்னும் ஊற்றுவோம். ஒரு வாரத்தில் செடி அடியோடு சாய்ந்துவிடும்.

வேர் தண்ணீரை மட்டும் குடித்து வாழ்வதில்லை, அதற்குக் காற்றும் வேண்டும். மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் சின்னச் சின்ன இடைவெளிகளில் காற்று இருக்கும். அந்த இடைவெளிகள் முழுக்கத் தண்ணீரால் அடைபட்டால் வேருக்கு மூச்சு முட்டும். பித்தியம், ஃபைட்டோப்தோரா போன்ற அழுகல் நோய்க் கிருமிகளுக்கு அந்த ஈரம் கொண்டாட்டம். வேர் அழுகியதும் செடியால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால் சொதசொதவென்ற மண்ணில் நின்றுகொண்டே செடி தாகத்தில் வாடும். வெளியில் இருந்து பார்த்தால் தண்ணீர் குறைந்த செடியும் தண்ணீர் மிகுந்த செடியும் ஒரே மாதிரிதான் தெரியும். ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம்மில் நிறைய பேர் செடி வளர்ப்பைக் கற்றுக்கொள்வது தமிழ்நாட்டு மாடித்தோட்ட யூடியூப் காணொளிகளில். நல்ல காணொளிகள், நம் மொழியில் இருக்கின்றன, மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கே ஒருவர் "காலையில் ஒரு வேளை, சாயங்காலம் ஒரு வேளை கட்டாயம் ஊத்துங்க" என்று சொல்வது, சித்திரை வெயிலில் காயும் மொட்டை மாடிக்கு. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை, அதுவும் பெரும்பாலும் ஆண்டின் கடைசி மாதங்களில். கோலாலம்பூரில் சுமார் 2,500 மில்லிமீட்டர், மழையே இல்லாத மாதம் என்று ஒன்று கிடையாது. காற்றில் ஈரப்பதமும் எப்போதும் அதிகம். அந்த அளவை அப்படியே செராஸ் பால்கனிக்குக் கொண்டுவந்தால் செடி மூழ்கத்தான் செய்யும்.

எப்போது ஊற்றுவது என்பதற்கு மணிக்கணக்கு எதுவும் வேண்டாம். ஒரு சாத்தே குச்சி போதும். சாடியின் ஓரமாகக் குச்சியை நன்றாக உள்ளே இறக்கி, ஒரு நிமிடம் விட்டு எடுங்கள். குச்சியில் ஈர மண் ஒட்டியிருந்தால் இன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். காய்ந்து வெளியே வந்தால் ஊற்றலாம். சின்னச் சாடி என்றால் கையில் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடலாம். ஈரமான சாடிக்கும் காய்ந்த சாடிக்கும் எடை நன்றாகவே வேறுபடும், இரண்டு மூன்று வாரத்தில் கைக்குப் பழகிவிடும்.

அடியில் கல் போட்டால் தண்ணீர் வடியுமா?

வடியாது. ஆனால் இதை யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள், ஏனென்றால் அம்மா காலத்திலிருந்து சாடியின் அடியில் உடைந்த ஓடும் கல்லும் போட்டுத்தான் பழக்கம்.

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்சைத் தண்ணீரில் நன்றாக ஊறவைத்து, உள்ளங்கையில் படுக்கையாக வையுங்கள். சொட்டுவது நிற்கும்வரை காத்திருங்கள். இப்போது அதையே செங்குத்தாக நிமிர்த்துங்கள். மறுபடியும் தண்ணீர் சொட்டும். பிழியவே இல்லை, நிமிர்த்தியதுதான். அதற்குப் பிறகும் ஸ்பாஞ்சின் அடிப்பகுதி நனைந்தே இருக்கும்.

சாடி மண்ணிலும் இதேதான் நடக்கிறது. எவ்வளவு வடிந்தாலும் அடியில் ஒரு நனைந்த அடுக்கு மிஞ்சும். அதன் உயரத்தை முடிவு செய்வது மண்ணின் தன்மை. அடியில் கல் போட்டால், மேலே உள்ள மண் முழுக்க நனைந்து தளும்பும்வரை தண்ணீர் கல்லுக்குள் இறங்காது. ஆகவே அந்த நனைந்த அடுக்கு காணாமல் போகாது, கல்லுக்கு மேலே ஏறி வேருக்கு இன்னும் கிட்டே வந்துவிடும். கல் போட்டதால் வேர் ஓட இருந்த இடமும் குறைந்தது. ஓட்டை வழியே மண் கொட்டாமல் இருக்க ஒரு துண்டு கொசுவலையை அடியில் விரித்தால் போதும்.

இதிலிருந்து இரண்டு விஷயம் புரியும். ஒன்று, தட்டையான அகலச் சாடியைவிட உயரமான சாடியில் வேருக்குக் காற்றுள்ள இடம் அதிகம். இரண்டு, மாற்ற வேண்டியது மண்ணைத்தான். பசார் மாலாமிலும் கடைகளிலும் ‘தானா ஹித்தாம்’ என்று மூட்டை மூட்டையாக விற்கும் கறுப்பு மண் மலிவு, பார்க்கவும் செழிப்பாக இருக்கும். அதை மட்டும் போட்டு நிரப்பினால் சில மாதங்களில் இறுகிக் களியாகிவிடும். அந்த மண் ஒரு பங்கு, கரியாக்கிய நெல் உமி ஒரு பங்கு, தேங்காய் நார்த் துண்டுகள் ஒரு பங்கு என்று கலந்து தொடங்குங்கள். உமிக்கரியை இங்கே ‘செக்காம் பாக்கார்’ என்று கேட்டால் தருவார்கள். அடேனியம் போன்ற செடிக்கு அதில் பாதி அளவு பருமணலும் சேர்க்கலாம். பெர்லைட், பியூமிஸ் எல்லாம் நல்லவைதான், ஆனால் விலை அதிகம். பத்துச் சாடி வைத்திருப்பவருக்கு உமிக்கரியே போதும்.

நர்சரியிலிருந்து கொண்டுவந்த செடி ஒரு மாதத்தில் வாடுவதற்கும் மண் ஒரு காரணம். கிள்ளான் பள்ளத்தாக்கில் செடி வாங்குவது என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது சுங்கை பூலோ. 1930-இல் தொழுநோயாளிகளுக்காகத் திறக்கப்பட்ட குடியிருப்பு அது. நோயிலிருந்து மீண்ட குடியிருப்பாளர்கள் பூச்செடி வளர்த்து விற்கத் தொடங்கினார்கள். ஒரு காலத்தில் வெளியுலகம் ஒதுக்கி வைத்த இடத்துக்கு, இன்று சனி ஞாயிறு ஆனால் குடும்பம் குடும்பமாகச் செடி வாங்கப் போகிறோம். அங்கே திறந்தவெளியிலும் வலைக்கூடாரத்திலும் நன்றாகக் காற்றோட்டம் இருக்கும், அதனால் ஈரம் பிடிக்கும் மண்ணில் வைத்துத் தினமும் தண்ணீர் விட்டாலும் செடி தாங்கும். அதே மண், அதே தண்ணீர், காற்று ஓடாத பால்கனியில் தாங்காது. வாங்கி வந்த இரண்டு வாரத்தில் மண் மாற்றிவிடுவது நல்லது.

தட்டில் என்னதான் நடக்கிறது?

ஏடிஸ் கொசு முட்டையைத் தண்ணீரின் மேல் இடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தட்டின் உள்சுவரில் ஒட்டிவைக்கும். ஒரு முறைக்குச் சுமார் 100 முட்டை. அதையும் ஒரே இடத்தில் இடாமல் பல இடங்களில் பிரித்து இடும். நாளை தண்ணீர் ஏறி முட்டையைத் தொட்டதும் பொரிந்துவிடும். நம் வெப்பத்தில் முட்டையிலிருந்து பறக்கும் கொசு வரை ஏழு முதல் பத்து நாள்தான்.

இதனால்தான் ‘வாரம் ஒரு முறை 10 நிமிடம்’ என்று சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பச் சொல்கிறது. மாதம் ஒருமுறை கோத்தோங் ரோயோங் வைத்துச் சுத்தம் செய்தால், அதற்கிடையே மூன்று தலைமுறைக் கொசு பறந்திருக்கும்.

இன்னொரு சங்கடம் அந்த முட்டையின் பிடிவாதம். தட்டு காய்ந்து கிடந்தாலும் முட்டை பல மாதம் உயிரோடு இருக்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டு அதே தட்டைத் திரும்ப வைத்தால், ஓரத்தில் ஒட்டியிருக்கும் முட்டை அடுத்த தண்ணீருக்காகக் காத்திருக்கும். கொட்டினால் மட்டும் போதாது, பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். புழுக்கள் நெளிகிற தண்ணீரைக் கால்வாயில் கொட்டுவதும் சரியில்லை, அங்கே தேங்கினால் அவை தொடர்ந்து வளரும். வெயில் படும் காய்ந்த சிமெண்டுத் தரையிலோ மண்ணிலோ ஊற்றிவிடுங்கள்.

"நாங்க பதினாலாவது மாடி, இங்கேயெல்லாம் கொசு வராது" என்பதும் அடிக்கடி கேட்கிற பேச்சு. மலேசியாவில் அடுக்குமாடிகளின் மேல்தளங்களில் வைக்கப்பட்ட முட்டைப் பொறிகளிலும் ஏடிஸ் முட்டைகள் கிடைத்திருக்கின்றன. கொசு அவ்வளவு உயரம் பறந்து வர வேண்டியதில்லை. மாடிக்கு மாடி சாடி இருந்தால் படிப்படியாக ஏறலாம், மின்தூக்கியிலும் நம்மோடு வரலாம். ஏடிஸ் பொதுவாகச் சில நூறு மீட்டருக்கு மேல் பறப்பதில்லை. ஆகவே உங்களைக் கடிக்கும் கொசு பெரும்பாலும் உங்கள் மாடியிலோ பக்கத்துப் புளோக்கிலோ பிறந்ததுதான்.

அப்படியானால் தட்டை என்ன செய்வது? எடுத்துவிடுவதே மேல். சின்னச் சாடிகளைக் குளியலறைக்குத் தூக்கிப் போய், அடியில் வழியும்வரை தண்ணீர் விட்டு, அரைமணி நேரம் வடியவிட்டுத் திரும்ப வைக்கலாம். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி ஊற்றுவதைவிட இப்படி ஒரே முறை நன்றாக நனைப்பது வேருக்கும் நல்லது. தூக்க முடியாத பெரிய சாடிக்குத் தட்டு வேண்டும்தான். தண்ணீர் விட்ட அரைமணி நேரத்தில் பழைய துணியோ ஸ்பாஞ்சோ வைத்துத் தட்டை ஒற்றி எடுத்துவிடுங்கள். தட்டு முழுக்கப் பருமணல் நிரப்புவதும் ஒரு வழி. தண்ணீர் மணலுக்குள் போய்விடுவதால் கொசுவுக்குத் திறந்த நீர்ப்பரப்பு கிடைக்காது. ஆனால் மழை பெய்யப் பெய்ய மணல் கரைந்து குறையும், அவ்வப்போது நிரப்ப வேண்டும்.

அபேட் மருந்து பற்றியும் கேட்பார்கள். பத்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராம் என்பது அதன் அளவு. காலி செய்யவே முடியாத தொட்டிக்கு அது உதவும். காலி செய்யக்கூடிய தட்டுக்கு மருந்து எதற்கு? சில இடங்களில் ஏடிஸ் புழுக்கள் அந்த மருந்துக்குப் பழகி எதிர்ப்புத் திறன் காட்டுவதை இங்குள்ள ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள் என்பதையும் மனத்தில் வையுங்கள். புகையடிப்போ பறக்கும் கொசுவை மட்டும்தான் கொல்லும். தட்டில் உள்ள முட்டைக்கும் புழுவுக்கும் அது ஒன்றும் செய்யாது. உப்புப் போடலாமே என்பவர்களுக்கு: கொசுவுக்கு முன்னால் செடி செத்துவிடும்.

கண்ணில் படாத இடங்கள்

தட்டு கண்ணுக்குத் தெரியும். தெரியாத இடங்கள்தான் ஆபத்து.

முதலில், சாடிக்குள் சாடி. நர்சரியின் கறுப்புப் பிளாஸ்டிக் சாடியை அப்படியே ஓட்டையில்லாத அழகான பீங்கான் சாடிக்குள் இறக்கி வைப்போம். இரண்டுக்கும் நடுவே தண்ணீர் சேரும். வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே வேர் அழுகும், சந்தில் புழு நெளியும். வாரம் ஒருமுறை உள்சாடியைத் தூக்கிப் பார்க்க முடியாது என்றால் பீங்கான் சாடியில் ஓட்டை போட்டுவிடுங்கள். சீனப் பெருநாளுக்கு நண்பர்கள் தரும் எலுமிச்சைச் செடியின் அடியில் சுற்றியிருக்கும் தங்க நிறத் தாளும் இப்படித்தான் தண்ணீர் பிடிக்கும். வீட்டுக்கு வந்ததும் தாளைக் கிழித்துவிடுங்கள், மங்களம் ஒன்றும் குறையாது.

அடுத்து, இறுகிப்போன மண். நாள்பட்ட சாடியில் மேல்மண் ஓடு மாதிரி கெட்டியாகித் தண்ணீர் இறங்காமல் குட்டையாக நிற்கும். சிங்கப்பூரின் தேசிய சுற்றுப்புற வாரியம் வீடுகளுக்குச் சொல்லும் டிங்கித் தடுப்பு வழிகளில் முதலாவதே இறுகிய மண்ணைக் கிளறிவிடுங்கள் என்பதுதான். தட்டைத் தூக்கிக் கொட்டுவது அதற்கு அடுத்து வருகிறது. மாதம் ஒருமுறை ஒரு முள்கரண்டியால் கிளறிவிட்டால் போதும், செடிக்கும் காற்று போகும்.

சில செடிகள் தாங்களே தண்ணீர்த் தொட்டிகள். அன்னாசிக் குடும்பத்தைச் சேர்ந்த புரோமிலியாட் தன் இலைகளின் நடுவே கிண்ணம் போலத் தண்ணீர் பிடித்து வைக்கும், அதுதான் அதன் பிழைப்பே. 2016-இல் அமெரிக்காவின் மயாமி பீச் நகரில் ஏடிஸ் கொசு வழியாக ஸிக்கா பரவியபோது, நகராட்சி பொது இடங்களிலிருந்த புரோமிலியாட் செடிகளை அகற்றியது. வைத்திருப்பவர்கள் வாரம் இருமுறை குழாயால் பீய்ச்சி அந்தக் கிண்ணத்தைக் கழுவிவிட வேண்டும். அதற்கு நேரமில்லாதவர்கள் அந்தச் செடியை வாங்காமல் இருப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து.

லக்கி பேம்புவும் அப்படித்தான். 2001-இல் சீனாவிலிருந்து கப்பலில் தண்ணீரோடு போன லக்கி பேம்புக் கட்டுகளில் ஒட்டிக்கொண்டு ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசு கலிபோர்னியா வரை போய்ச் சேர்ந்தது. கடல் தாண்டிய கொசுவுக்கு நம் வரவேற்பறை எம்மாத்திரம்! லக்கி பேம்பு, பாட்டில் மணி பிளாண்ட், சாமி மேடைப் பூக்குவளை எல்லாவற்றுக்கும் வாரம் இருமுறை தண்ணீர் மாற்றி, உள்பக்கம் தேய்த்துக் கழுவுங்கள். மணி பிளாண்டைப் பாட்டிலில் வைத்தே தீர வேண்டும் என்றால் வாயைப் பஞ்சால் அடைத்துவிடலாம். அதைவிட மண்ணில் நட்டால் இலை இன்னும் பெரிதாக வரும்.

தாமரைத் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு வேலை எளிது. இரண்டு மூன்று கப்பி மீன் விட்டால் புழுக்களைத் தின்று தீர்த்துவிடும். குளிர்சாதனப் பெட்டியின் தண்ணீர் பிடிக்க வைக்கும் வாளியையும் மறக்காதீர்கள். அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம், ஆனால் அன்றன்றைக்கே.

கொசுவை விரட்ட செராய் வாங்கி பால்கனியில் வைக்கும் பழக்கமும் பரவியிருக்கிறது. இலையைக் கசக்கிப் பிழிந்தால்தான் அந்த எண்ணெய் வெளியே வரும். சும்மா நிற்கிற செடி கொசுவை விரட்டாது. ரசத்துக்கும் டீக்கும் ஆகும், அதற்காக வையுங்கள்.

எந்தச் செடி, எந்தப் பக்கம்?

தண்ணீர் குறைவாகக் கேட்கும் செடியை வைத்தால் பாதிப் பிரச்சினை தொடக்கத்திலேயே குறையும். பால்கனி எந்தத் திசை பார்க்கிறது என்பதை முதலில் கவனியுங்கள்.

மேற்கு பார்த்த பால்கனியில் மதியத்துக்கு மேல் வெயில் சுடும். அங்கே காகிதப்பூவை மிஞ்ச ஆளில்லை. பிரேசிலைத் தாயகமாகக் கொண்ட இந்தச் செடி, கொஞ்சம் காயவிட்டால்தான் பூக்கும். தினமும் தண்ணீர் ஊற்றினால் இலையாகக் கொட்டும், பூ வராது. "எங்க வீட்டுல மட்டும் பூக்கவே மாட்டேங்குது" என்பவர்கள் தட்டை எடுத்துவிட்டு, இலை லேசாகத் தொங்கும்வரை காத்திருந்து தண்ணீர் விட்டுப் பாருங்கள். அடேனியம், பத்துமணிப்பூ இரண்டும் அதே குணம். அடேனியத்தின் பருத்த அடித்தண்டு தண்ணீர் சேமிக்கும் பை. அதன் கீழே தட்டில் தண்ணீர் நின்றால் அந்தப் பை அழுகிவிடும், அழுகத் தொடங்கினால் காப்பாற்றுவது கஷ்டம்.

காலை வெயில் வரும் கிழக்குப் பக்கத்தில் செம்பருத்தியும் இட்லிப்பூவும் நன்றாக வரும். செம்பருத்திக்கு ஐந்தாறு மணி நேர வெளிச்சம் வேண்டும். 1960-இல் தேசிய மலராக்கப்பட்ட புங்கா ராயா இதுதான், நம் வீட்டுப் பெண்களுக்கோ தலைக்குத் தேய்க்கும் இலை. இட்லிப்பூவின் இலை மஞ்சளானால் உடனே உரம் போடாதீர்கள். அது புளிப்புத் தன்மையுள்ள மண்ணை விரும்பும் செடி. புதுச் சுவரிலிருந்து வழியும் சிமெண்டுத் தண்ணீர் மண்ணின் தன்மையை மாற்றிவிடும். இடத்தை மாற்றினாலே தேறும்.

வெயில் வராத நடைபாதைக்கும் அறைக்கும் அக்லோனிமா, ஸீஸீ செடி, லிடா மெர்துவா. கடைசியாகச் சொன்னது ‘மாமியாரின் நாக்கு’ என்று மலாயில் கிண்டலாகப் பெயர் பெற்றது. இரண்டு வாரம் தண்ணீர் காட்டாவிட்டாலும் முகம் சுளிக்காது. மாமியார்கள் மன்னிக்கவும். தவழும் பிள்ளையோ பூனையோ இருக்கும் வீட்டில் டிஃபன்பாக்கியாவையும் அரளியையும் மட்டும் தவிர்த்துவிடுங்கள். டிஃபன்பாக்கியா இலையைக் கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும், அரளி இதயத்தையே பாதிக்கும் நஞ்சு. தப்பித்தவறி வாயில் போட்டுவிட்டால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள், முடிந்தால் இலையையும் எடுத்துப் போங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டம், அதாவது 154-வது சட்டத்தின் கீழ், உங்கள் வீட்டில் கொசுப் புழுக்கள் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டால் 500 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கலாம். நீதிமன்றம் வரை போனால் முதல் குற்றத்துக்கு 10,000 ரிங்கிட் வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே. மறுபடியும் அதே குற்றம் என்றால் 50,000 ரிங்கிட், ஐந்து ஆண்டு வரை போகும். புழு இருந்ததே தெரியாது என்று அதிகாரியிடம் சொல்லிப் பயனில்லை. வீட்டுக்குள் வந்து சோதிக்கவும் சட்டம் அவருக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது.

செராஸ்வாசிகளுக்கு ஒரு கூடுதல் குழப்பம் உண்டு. செராஸின் ஒரு பகுதி கோலாலம்பூருக்குள், இன்னொரு பகுதி சிலாங்கூரின் உலு லங்காட் மாவட்டத்தில். உங்கள் தாமான் கூட்டரசுப் பிரதேசத்தில் இருந்தால் டிபிகேஎல், சிலாங்கூர் பக்கம் என்றால் பெரும்பாலும் காஜாங் நகராண்மைக் கழகம். அடைத்துக் கிடக்கும் கால்வாய், காலி வீட்டுச் சாடிகள் பற்றிப் புகார் கொடுக்கும் முன் வரிப் பத்திரத்தில் எந்தப் பெயர் இருக்கிறது என்று பாருங்கள், அலைச்சல் மிச்சம். உங்கள் வட்டாரம் டிங்கி அதிகமாகப் பரவும் இடமா என்பதை ஐடெங்கி இணையத்தளத்தில் பார்க்கலாம். நோய்ப் பரவல் 30 நாளைத் தாண்டியும் அடங்காத இடத்தைத்தான் அதில் ‘ஹாட்ஸ்பாட்’ என்று குறிப்பிடுகிறார்கள்.

கொசு மட்டுமல்ல, சாடி வைக்கும் இடமும் சட்டத்துக்கு உட்பட்டதுதான். தனியார் அடுக்குமாடிகளுக்கான 2015-ஆம் ஆண்டு நிர்வாக விதிமுறைகள், கீழே விழுந்து யாருக்காவது காயமோ சேதமோ ஏற்படுத்தக்கூடிய இடத்தில், கட்டடத்தின் வெளிச்சுவரில் சாடி வைப்பதையோ தொங்கவிடுவதையோ தடை செய்கின்றன. 2018 ஜனவரியில் பந்தாய் டாலாமில் உள்ள ஸ்ரீ பந்தாய் பிபிஆர் குடியிருப்பில், மேல்மாடியிலிருந்து விழுந்த நாற்காலி தலையில் பட்டு 15 வயதுப் பையன் ஒருவன் அம்மாவின் கண்ணெதிரே இறந்துபோனான். அது நாற்காலி. ஈர மண் நிரம்பிய சாடி எவ்வளவு கனம் என்று தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கம்பிக்கு வெளியே தொங்கும் சாடிகளை உள்பக்கம் மாற்றுவதற்கு ஐந்து நிமிடம் ஆகுமா? நடைபாதைச் சாடிகளும் அப்படியே. தீப்பிடித்தால் எல்லோரும் ஓட வேண்டிய வழி அது.

தீபாவளிக்கு ஊருக்குப் போகும் முன்

கிள்ளான் பள்ளத்தாக்கில் மழை உச்சத்தைத் தொடுவது மார்ச், ஏப்ரலிலும், பிறகு அக்டோபர், நவம்பரிலும். தீபாவளி வருவதும் அந்தக் கடைசி இரண்டு மாதங்களில்தான். ஈப்போவுக்கோ பினாங்குக்கோ பத்து நாள் போய்வந்தால், முட்டை கொசுவாகப் பறந்துபோக அந்த நாள்கள் போதும். செடி காய்ந்துவிடுமே என்று பயந்து கிளம்பும் காலையில் தட்டு நிறையத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அதைச் செய்யாதீர்கள்.

கிளம்பும் முதல் நாள் எல்லாச் செடிக்கும் நன்றாகத் தண்ணீர் விட்டு வடியவிடுங்கள். தட்டுகளை எல்லாம் எடுத்துத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். சாடிகளை வெயில் நேரடியாகப் படாத மூலையில் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் நிறுத்தினால், ஒன்றின் ஈரம் இன்னொன்றுக்கு உதவும். மண்ணின் மேல் தேங்காய் நார் பரப்பினால் ஈரம் சீக்கிரம் போகாது. பெரும்பாலான செடிகள் பத்து நாளைத் தாங்கிவிடும். மணி பிளாண்ட் பாட்டிலையும் பூக்குவளையையும் காலி செய்யுங்கள், கழிவறையின் மூடியை மூடுங்கள், வாளிகளைக் கவிழ்த்துவிடுங்கள்.

திரும்பி வந்த ஒன்றிரண்டு வாரத்துக்குள் வீட்டில் யாருக்காவது திடீரென்று கடும் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பெல்லாம் முறித்துப் போட்டது போன்ற வலி என்றால் சாதாரணக் காய்ச்சல் என்று விட்டுவிடாதீர்கள். பாராசிட்டமால் கொடுக்கலாம். ஆஸ்பிரினும் இபுபுரோஃபெனும் கொடுக்கக் கூடாது, அவை இரத்தக் கசிவை அதிகமாக்கும். கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை கேளுங்கள். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை காய்ச்சல் இறங்கும் நேரம்தான் உண்மையில் ஆபத்தான கட்டம். "காய்ச்சல் விட்டுடுச்சு" என்று நிம்மதி அடைகிற அந்த நேரத்தில் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் இரத்தம், அளவுக்கு மீறிய சோர்வு இவற்றில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.